பாதசாரிகளை அறியும் கணினிப் பார்வை: கண்டறிந்தால் மட்டும் போதுமா?

மகாராஷ்டிர மாநிலம் புணேயை அடுத்த பிம்ப்ரியில் உள்ள டாடா மோட்டார்ஸ் ஆலையில் தயாராகும் ஹாரியர் காரில், ஓட்டுநருக்கு உதவும் 'அடாஸ்' தொழில்நுட்பம் 2023-ஆம் ஆண்டில் அறிமுகமானது. கேமராவும் ரேடாரும் முன்னுள்ள சாலையைக் கண்காணித்து, மோதல் நேரும் எனத் தெரிந்தால் எச்சரிக்கின்றன; அவசரத்தில் பிரேக்கையும் இயக்குகின்றன. இத்தகைய கருவிகளுக்கு மிகக் கடினமான சோதனை பாதசாரிகள்தான். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-இல் நாட்டின் சாலை விபத்துகளில் உயிரிழந்த 1,68,491 பேரில் 32,825 பேர் பாதசாரிகள்.

காரின் வடிவம் மாறாது. மனித உருவமோ குனியும், குடை பிடிக்கும், மூட்டை சுமக்கும், நிற்கும் ஆட்டோவின் பின்னால் பாதி மறையும். பிரான்ஸில் பணியாற்றிய நவ்நீத் தலால், பில் டிரிக்ஸ் ஆகியோர், படத்தில் உள்ள விளிம்புகளின் திசைகளைக் கணக்கிட்டு மனித உருவத்தைப் பிரித்தறியும் முறையை 2005-இல் வெளியிட்டனர். இன்று அப்பணியைப் பெரும்பாலும் ஆழ்கற்றல் முறைகளே செய்கின்றன.

எனினும், கண்டறிவது பாதி வேலையே. முந்தைய படத்தில் தெரிந்தவரும் இப்போது தெரிபவரும் ஒருவரே என உறுதிசெய்து, அவரது திசையையும் வேகத்தையும் கணிப்பதே பின்தொடர்தல். லாரிக்குப் பின்னால் மறைந்தவர் எங்கே வெளிப்படுவார் என ஊகிக்க, 1960-இல் ருடால்ஃப் கால்மன் வகுத்த கணித முறை இன்றும் பயன்படுகிறது.

இதில் பிழை நேர்ந்தால் என்னவாகும் என்பதை அமெரிக்காவின் டெம்பி நகர விபத்து காட்டியது. 2018 மார்ச் 18 அன்று இரவு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த 49 வயதுப் பெண், ஊபரின் தானியங்கிச் சோதனைக் கார் மோதி உயிரிழந்தார். மோதலுக்கு 5.6 நொடிகளுக்கு முன்பே கார் அவரை உணர்ந்துவிட்டது. ஆனால் வாகனம், வேறு பொருள், சைக்கிள் என மாற்றி மாற்றி வகைப்படுத்தியது. வகை மாறியபோதெல்லாம் அவர் அதுவரை நகர்ந்த பாதையைக் கணக்கில் கொள்ளவில்லை. கடவைக்கு வெளியே மனிதர் நடக்கக்கூடும் என்பதற்கே அம்மென்பொருளில் இடமில்லை என்று அந்நாட்டுத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது.

பிம்ப்ரி வழியே செல்லும் பழைய மும்பை–புணே நெடுஞ்சாலை உட்பட, நம் சாலைகளில் கடவைக்கு வெளியே நடப்பது அன்றாடக் காட்சி. வெளிநாட்டுப் படங்களில் பயின்ற மென்பொருள் இங்கே தடுமாறுவதில் வியப்பில்லை. இக்குறையைப் போக்க, ஹைதராபாத் ஐஐஐடி-யும் இன்டெல் நிறுவனமும் இணைந்து 2018-இல் இந்தியச் சாலைகளுக்கான தரவுத்தொகுப்பை வெளியிட்டன. ஹைதராபாத், பெங்களூரு மற்றும் அவற்றின் புறநகர்களில் 182 பயணங்களில் பதிவான சுமார் 10,000 படங்கள் அதில் உள்ளன. ஆட்டோ, விலங்கு ஆகியவற்றுடன், வாகனங்கள் இறங்கி ஓடும் சாலையோர மண்தரையும் அதில் தனி வகையாகக் குறிக்கப்பட்டுள்ளது.