எல்லைக்கு அப்பால் ஓர் அறக்கட்டளை: திருச்சிராப்பள்ளியும் திருவரங்கமும்

குடும்பச் சொத்தில் ஒரு பங்கைப் பிரித்து, அதன் வருவாய் இன்ன காரியத்துக்கே செல்லவேண்டும் என்று எழுதிவைப்பவர், அந்த ஏற்பாடு எவருடைய அதிகாரத்தின் கீழ் இருந்தால் தம் காலத்துக்குப் பின்னும் நிலைக்கும் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் வட்டாரத்தில் இந்தத் தேர்வு நெடுங்காலம் ஆளைப் பற்றியதாக இருந்து, ஆங்கிலேயர் ஆட்சி வந்த பிறகே இடத்தைப் பற்றியதாக மாறியது.

சோழர் காலத்துக் கொடையாளர் பொன்னை ஊர்ச்சபையிடம் முதலாக வைத்து, அதன் பலிசையை, அதாவது வட்டியை, நெல்லாகவோ எண்ணெயாகவோ கோயிலுக்கு அளக்கச் செய்தார். நந்தா விளக்கு, அதாவது இரவும் பகலும் அணையாத விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகளை இடையரிடம் ஒப்படைத்து, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் பெறுவது பரவலான வழக்கு. இறந்த ஆட்டுக்கு ஈடாகக் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கையைக் குறையாமல் காக்கவேண்டியிருந்ததால் அவை சாவா மூவாப் பேராடு எனப்பட்டன. கொடை கோயில் சுவரில் வெட்டப்பட்டு, சிவன் கோயிலாயின் மாகேசுவரர்களின் காப்பிலும், பெருமாள் கோயிலாயின் ஸ்ரீவைஷ்ணவர்களின் காப்பிலும் விடப்பட்டது. கொடையாளரின் குடும்பம் அற்றுப்போனாலும் காவலர் கூட்டம் அற்றுப்போகாது என்ற கணக்கு அதில் இருந்தது; மாநிலப் பதிவுத்துறை எதுவும் இல்லாத காலத்தில் அதைவிட விவேகமான கணக்கு இருந்திருக்க முடியாது. ஆயினும் படையெடுப்புகளின் முன் அதுவும் போதவில்லை. ஹொய்சளர் காலத்தில் திருவரங்கம் கோயிலில் ஏற்பட்ட ஆரோக்கியசாலை, அதாவது மருத்துவமனை, அழிவுக்குள்ளாகி, கருடவாகன பட்டர் என்பவரால் மீண்டும் நிறுவப்பட்டதை 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது.

1801இல் திருச்சிராப்பள்ளி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்த பிறகு, 1817ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குவிதி அறக்கொடைகளை வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் வைத்தது. 1863ஆம் ஆண்டின் சட்டம் அந்தப் பொறுப்பை உள்ளூர்க் குழுக்களிடமும் தர்மகர்த்தாக்களிடமும் திருப்பித் தந்தது. தனியார் பொறுப்புரிமைக்காக 1882இல் வந்த இந்திய டிரஸ்ட் சட்டம் சமய, தர்ம ஏற்பாடுகளைத் தன் வரம்பிலிருந்து விலக்கிவைத்ததால், பிள்ளைகளுக்காக எழுதும் பத்திரமும் மண்டகப்படிக்காக, அதாவது கோயில் திருவிழா உபயத்துக்காக, எழுதும் பத்திரமும் வெவ்வேறு சட்டங்களின் கீழ்ப் போயின. அச்சட்டத்தின் 60ஆம் பிரிவு, வெளிநாட்டைத் தன் நிலையான இருப்பிடமாகக் கொண்டவரைத் தகுந்த பொறுப்பாளராகக் கருதவில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்த குடும்பங்கள் பொறுப்பாளரைத் தேர்வதில் கவனிக்க வேண்டிய விதி அது.

பதிவிலும் இடம் ஒரு பொருளாயிற்று. நிலம் எந்தச் சார்பதிவாளரின் எல்லைக்குள் முழுவதுமோ ஒரு பகுதியோ இருக்கிறதோ அங்கேயே பத்திரத்தைப் பதியலாம் என்பதால், வசதியான அலுவலகத்தின் எல்லைக்குள் ஒரு துண்டு மனையைப் பத்திரத்தில் சேர்த்து முழுச் சொத்தையும் அங்கே பதியும் தந்திரம் இந்தியாவெங்கும் கையாளப்பட்டது. கல்கத்தாவில் இல்லவே இல்லாத ஒரு வீட்டைக் காட்டிப் பதிந்த பத்திரத்தை 1914இல் பிரிவி கவுன்சில் செல்லாது என்று தள்ளியது.

ஆனால் ஆட்சியெல்லையின் உண்மையான பயன் திருச்சிராப்பள்ளியின் தெற்கு வாசலிலேயே இருந்தது. சாலையில் கீரனூரை எட்டுமுன்பே புதுக்கோட்டை சமஸ்தானத்தின் எல்லை தொடங்கிவிடும். திருச்சிராப்பள்ளி ஆட்சியரே நெடுங்காலம் அரசியல் முகவர் என்ற பெயரில் சமஸ்தானத்தைக் கண்காணித்துவந்த போதிலும், பிரிட்டிஷ் இந்தியாவின் 1922ஆம் ஆண்டு வருமான வரிச்சட்டம் அங்கே செல்லுபடியாகவில்லை, சமஸ்தானமும் தனக்கென வருமான வரி விதிக்கவில்லை. எனவே 1930களிலும் 1940களிலும் நகரத்தார் எனப்படும் வணிகச் சமூகத்தின் முதலீடு வங்கிகளாகவும் கம்பெனிகளாகவும் அங்கே பதிவாயிற்று. 1939ஆம் ஆண்டின் திருத்தம் வசிப்பவரின் வெளிவருமானத்தையும் வரிக்குள் இழுத்த பிறகும், சமஸ்தானத்தில் எழுந்த வருமானம் பிரிட்டிஷ் எல்லைக்குள் கொண்டுவரப்படாதவரை தப்பித்தது. இதை ஏய்ப்பு என்று சொல்வது பொருந்தாது. சட்டமே வரைந்த கோட்டின் மறுபக்கத்தில் சட்டப்படி நிற்பதே அது. அதே சமயம், திருச்சிராப்பள்ளியில் கடை வைத்து வரி செலுத்திய சிறு வணிகருக்கு எட்டாத வசதி என்பதும் உண்மை.

1948 மார்ச் 3 அன்று புதுக்கோட்டை இந்திய ஒன்றியத்தில் சேர்ந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்துடன் இணைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே இணைந்த சமஸ்தானங்களுக்கு வரிச்சட்டங்கள் நீட்டிக்கப்பட்டன. அதன்பின் குடும்பங்களின் கவனம் இடத்திலிருந்து பத்திரத்தின் வாசகத்துக்குத் திரும்பியது. 1927ஆம் ஆண்டின் சென்னைச் சட்டத்தில் தொடங்கி 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு இந்து சமய அறநிலையச் சட்டம் வரை, அரசின் மேற்பார்வை பொதுத் தன்மையுள்ள கட்டளைகளின் மீதே பாய்ந்தது. பயன்பெறுவோர் பெயர் சொல்லத்தக்க குறிப்பிட்ட நபர்களா, வரையறுக்க முடியாத பொதுமக்களா என்பதே உரைகல் என்று 1956இல் உச்ச நீதிமன்றம் வகுத்ததால், உபயதாரர் பரம்பரை தன் உரிமையை நாட்ட மூதாதையின் பத்திர வரிகளையே காட்ட வேண்டியதாயிற்று. 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டமாகப் பிரிந்தது. பழைய எல்லையின் பெரும்பகுதி மீண்டும் வரைபடத்தில் ஏறினாலும், அதனோடு வரிவிலக்கு எதுவும் திரும்பவில்லை.