கண்ணுக்குள் கருப்பை

1940இல் மார்க்கீ என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு விசித்திரமான பரிசோதனையின் முடிவுகளை வெளியிட்டார். ரீசஸ் குரங்குகளின் கருப்பை உட்சுவரிலிருந்து சிறு துணுக்குகளை எடுத்துக் கண்ணுக்குள் பதித்திருந்தார். கண்ணின் முன்பகுதி ஜன்னல் போன்றது. உள்ளே நடப்பதை வெளியிலிருந்தே பார்க்கலாம். துணுக்குகள் அங்கே ஒட்டிப் பிழைத்தன. குரங்குக்கு மாதவிடாய் வந்தபோது கண்ணுக்குள்ளும் இரத்தம் கசிந்தது. சுருள் தமனிகள் இறுகுவதையும் பிறகு உதிரம் வெளிப்படுவதையும் அவர் நேராகக் கண்டார். மாதவிடாய் பற்றி மருத்துவப் பாடநூல்கள் பல பத்தாண்டுகள் சொல்லிவந்த விளக்கத்தில் இந்தக் குரங்குகளின் கண்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

பெண்களுக்கு மாதந்தோறும் நடக்கும் ஒன்றை அறியக் குரங்கின் கண் ஏன் தேவைப்பட்டது? ஒரு காரணம் உயிரியல் சார்ந்தது. ஆய்வகங்களில் வழக்கமாக வளர்க்கப்படும் சுண்டெலிக்கு மாதவிடாய் கிடையாது. மனிதர்கள், சில குரங்கினங்கள், சில வௌவால்கள் என வெகுசில பாலூட்டிகளுக்கே அது உண்டு. இன்னொரு காரணத்தை நான் அதிகாரத்தில் தேடுகிறேன். பெண்ணுடல் ஆய்வாளர்களுக்குக் கிடைக்காமல் இல்லை. அது கிடைத்த விதத்தைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் புரூக்லைன் நகரில் ஏழைப் பெண்களுக்கான இலவச மருத்துவமனை ஒன்று இருந்தது. 1938இல் தொடங்கி, ஆர்தர் ஹெர்டிக், ஜான் ராக் என்ற இரு மருத்துவர்கள், கருப்பை நீக்க அறுவைக்குக் காத்திருந்த 211 பெண்களிடம், உறவு கொண்ட நாள்களைக் குறித்துவைக்கச் சொன்னார்கள். அகற்றிய கருப்பைகளிலும் குழாய்களிலும் 34 இளங்கருக்கள் கிடைத்தன. மருத்துவர்களின் பெயர்கள் நிலைத்துவிட்டன. அந்தப் பெண்கள் ஓர் எண்ணாக மட்டும் நிற்கிறார்கள். 1951இல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றுச் செல்களை எடுத்து வளர்த்தபோது அவரிடம் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை.

உடல் இப்படிப் பயன்பட்ட அதே நாட்டில், 1977இல் அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கருத்தரிக்கக்கூடிய பெண்களைப் புதிய மருந்துகளின் தொடக்கக்கட்டச் சோதனைகளிலிருந்து விலக்கச் சொன்னது. அந்த நிலைப்பாடு மாற 1993 வரை ஆனது.

2009இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸின் ஆய்வகம், எலியின் குடல் ஸ்டெம் செல்லிலிருந்து குட்டிக் குடல் போன்ற அமைப்பை வளர்த்துக் காட்டியது. இவற்றை ஆர்கனாய்டு என்கிறார்கள். கருப்பையின் முறை வர மேலும் எட்டு ஆண்டுகள் ஆயின. 2017இல் கேம்பிரிட்ஜில் மார்கெரிட்டா டுர்கோ, ஆஷ்லி மொஃபெட் உள்ளிட்டோரும், பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழகக் குழுவினரும் அதைச் செய்தார்கள். உட்சுவரின் சுரப்பிகளைப் பிரித்து, ஜெல் துளியில் வைத்து, வளர்ச்சிக் காரணிகளை ஊட்டினால், உள்ளீடற்ற நுண்ணிய உருண்டைகள் உருவாகின்றன. ஈஸ்ட்ரோஜனுக்கும் புரோஜெஸ்ட்ரோனுக்கும் அவை கருப்பையின் சுரப்பிகளைப் போலவே எதிர்வினை காட்டுகின்றன. 2019இல் லூவன் குழு, எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களின் திசுவிலிருந்தும் இவற்றை வளர்த்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி அந்த நோய் சுமார் 19 கோடிப் பேருக்கு இருக்கிறது.

2021இல் வெளிவந்த ஓர் ஆய்வை நான் தனியாகக் குறித்துவைத்திருக்கிறேன். மாதவிடாய் உதிரத்திலிருந்தே இந்த உருண்டைகளை வளர்க்க முடியும் என்று அது காட்டியது. கருப்பைக்குள் கருவி நுழைக்க வேண்டியதில்லை. தீட்டென்று மறைத்துக் கழுவிவிடச் சொல்லப்பட்ட ஒன்றில், உயிரோடு வளரக்கூடிய செல்கள் இருந்திருக்கின்றன.

ஆனாலும் சுரப்பிகளை மட்டும் கொண்ட இந்த உருண்டைக்கு இரத்தக்குழாய் இல்லை, நரம்பு இல்லை. அதற்கு மாதவிடாய் வராது, வலிக்கவும் வலிக்காது. அது வளரும் ஜெல்கூடப் பெரும்பாலும் எலியின் புற்றுக்கட்டியிலிருந்து எடுக்கப்படுவது. தானே எண்டோமெட்ரியோசிஸால் அவதிப்பட்ட எம்.ஐ.டி. பொறியியலாளர் லிண்டா கிரிஃபித், அதற்குப் பதிலாகச் செயற்கை ஜெல்லில், சுரப்பிச் செல்களோடு அவற்றைத் தாங்கும் திசுவின் செல்களையும் சேர்த்து வளர்க்கிறார். வலியை அறிந்தவர் ஆய்வகத்தில் இருப்பதன் பயன் இது.

வலியைப் பற்றி அறியப் பெண்ணிடம்தான் கேட்க வேண்டும். அவள் சொல்வதை நம்பவும் வேண்டும். திசு தரும் பெண் அது எங்கே போகிறது, யாருக்கு உடைமையாகிறது, என்ன தெரியவந்தது என்று கேட்கலாம். புரூக்லைனின் 211 பெண்களை நினைத்தாவது நாம் கேட்க வேண்டும்.