மூலையில் நின்ற கொத்தளம்

மூலக்கொத்தளம் என்றால் என்னவென்று மதரஸா பிள்ளைகளிடம் வினவினேன். "சுடுகாடு, உஸ்தாத்" என்றனர். கொத்தளம் என்பது மதிலில் பீரங்கி நிறுத்தும் மேடை. மதராஸ் மதிலின் மூலையில் நின்ற கொத்தளமே இவ்வூருக்குப் பெயர் தந்தது.

1746இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைக் கைப்பற்றினர். 1749இல் அது ஆங்கிலேயரிடம் மீண்டது. பின்னர், எதிரிக்கு மறைவிடமாகிறது என்று கூறி, கோட்டையை ஒட்டியிருந்த 'கருப்பர் பட்டணம்' தகர்க்கப்பட்டது. இன்று உயர்நீதிமன்றம் நிற்பது அந்நிலத்தில்தான். வீடிழந்தோர் வடக்கே முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டைப் பக்கம் ஒதுங்கினர். லாலியின் முற்றுகையும் ஹைதர் அலியின் படையெடுப்பும் கண்டபின், 1770 வாக்கில் அப்புதிய பட்டணத்திற்கு மதில் எழுந்தது. செலவைக் குடிமக்களே வரியாகத் தரவேண்டுமெனக் கும்பெனி எண்ணியது. வீட்டை இடித்தவர்களே காவல் கூலியும் கேட்டதை என்னென்பது! வரி வசூலாகவில்லை, வால்டாக்ஸ் சாலை என்ற பெயர் மட்டும் நிலைத்தது.

ஐரோப்பாவிலும் இத்தகைய கதை உண்டு. வியன்னாவின் உள்மதிலை இடிக்கப் பேரரசர் 1857இல் ஆணையிட்டார். அவ்விடத்தில் மாளிகைகள் எழுந்தன. வெளிமதிலின் வாயில்களிலோ உணவுப் பொருள்களுக்கு வரி. ஆகவே ஏழைத் தொழிலாளர் பலர் அதற்கு அப்பால் குடியேறினர். அம்மதில் 1890களில்தான் இடிக்கப்பட்டது.

நம் மதிலில் எஞ்சிய துண்டு பழைய சிறைச்சாலைச் சாலையில் மாடிப் பூங்காவாக உள்ளது. மூலக்கொத்தளத்தில், 1939இல் இந்தி எதிர்ப்புப் போரில் சிறைப்பட்டு உயிர்நீத்த நடராசனும் தாளமுத்துவும் அடக்கமாகியுள்ளனர். ஒருவர் தலித், மற்றவர் நாடார்.