சாரம் என்றால் உறை

நாகர்கோவில் நண்பர் ஒருவர் சித்திரை வெயிலில் எங்கள் பாலக்கோட்டுக்கு வந்திருந்தார். கொண்டுவந்த ஜீன்ஸ் இரண்டும் தொடையோடு ஒட்டிக்கொள்ள, மாற்றுடுப்பு வாங்கக் கடைத்தெருவுக்குப் போனோம். “தம்பி, சாரம் இருக்கா?” என்றார் அவர். ஜவுளிக்கடைப் பையன் சற்று யோசித்து, “கட்டடத்துக்குக் கட்டுற சாரமாங்கண்ணா?” என்று கேட்டான். “லுங்கிப்பா” என்றேன் நான். அவன் முகம் தெளிந்தது. “மூட்டினதுங்களா, மூட்டாததுங்களா?”

நண்பர் கேட்ட சொல்லின் பொருள் பையனுடைய இந்த இரண்டாவது கேள்விக்குள்ளேயே இருந்தது. கொத்தனார் ஏறி நிற்கும் சாரத்துக்கும், பிழிந்தெடுத்த சாரத்துக்கும், உடுக்கும் சாரத்துக்கும் உறவு கிடையாது. உடுக்கும் சாரம் மலாய் மொழியின் ‘சாருங்’. அங்கே அதற்கு உறை என்று பொருள். கிரிஸ் என்னும் குத்துவாளின் உறை சாருங். கையுறை ‘சாருங் தாங்கான்’. தலையணை உறை ‘சாருங் பந்தால்’. இரண்டு மீட்டர் துணியின் இரு முனைகளையும் சேர்த்து மூட்டிவிட்டால் அது உடம்புக்கு ஓர் உறை. மூட்டாத வரை அது துணிதான். சொல்லின் இறுதியில் ‘ங்’ நிற்பதைத் தமிழ் ஏற்காது. ஆகவே அது ‘ம்’ ஆகி, சாருங் சாரம் ஆயிற்று. கடல்வழி வந்த சொல் என்பதற்கு அது வழங்கும் நிலமே சாட்சி: ஈழம், குமரி, நெல்லை, தூத்துக்குடி. உள்நாட்டில் ஏறிவந்து பாலக்கோட்டைத் தொட அதற்கு வழி வாய்க்கவில்லை.

இங்கே வழங்குவது லுங்கி. அதற்கும் காரணம் உண்டு. பாலக்கோட்டுச் சுற்றுவட்டாரத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதும் காதில் விழும். நான்கு மொழிக்காரர்களும் ஒரே பொருளுக்குப் பொதுவாக வைத்திருக்கும் சொல் லுங்கிதான். அதன் மூலம் பாரசீக ‘லுங்’, இடுப்பில் சுற்றும் துணி. ஈரானின் பழைய பொதுக் குளியலறைகளில் ஆண்கள் சுற்றிக்கொள்ளும் சிவப்புக் கட்டத் துணிக்கு அதுவே பெயர். அந்தச் சொல் கிழக்கே வரும் வழியில் ஓர் இடத்தில் தலைக்கு ஏறியது: ஆப்கானிஸ்தானத்திலும் பஷ்தூன் மக்களிடத்திலும் லுங்கி என்றால் தலைப்பாகை. பர்மாவில் ‘லோஞ்சி’ என்று மீண்டும் இடுப்புக்கு வந்துவிட்டது. சொல் சுட்டியது சுற்றும் செயலை. எங்கே சுற்றுவது என்பதை ஊர்கள் முடிவு செய்துகொண்டன.

நடுவே தஞ்சை, மதுரை, இராமநாதபுரம் பக்கங்களில் இதே துணி கைலி. கேரளத்திலும் அதே சொல்தான். ஆக, பாலக்கோட்டில் பேருந்து ஏறித் தெற்கே நாகர்கோவில் வரை போகிறவர் ஒரே துணியை மூன்று பெயரால் கேட்க வேண்டியிருக்கும்.

இந்த மூன்றைவிட என்னை நெகிழச் செய்வது நான்காவது பெயர். மலேசியாவில் ஆண்கள் வீட்டில் உடுக்கிற, பள்ளிவாசலுக்கு உடுத்திப்போகிற கட்டம்போட்ட சாரத்துக்கு ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர். காயின் என்றால் துணி. பெலிக்காட்? அது நம் பழவேற்காடு. ஐரோப்பியர் நாவில் புலிகாட் ஆன அந்த ஏரிக்கரை ஊரில் டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். கிழக்குத் தீவுகளின் மிளகையும் கிராம்பையும் வாங்க அங்கே செல்லுபடியான சரக்கு சோழமண்டலக் கரையின் துணிதான். 1690 வாக்கில் டச்சுத் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது, பழவேற்காடு ஒடுங்கியது. துணியோடு போன ஊர்ப்பெயர் மட்டும் மலாய்க்காரர் வீடுகளில் இன்றும் வாழ்கிறது. ஸ்காட்லாந்து நெசவாளர்கள் இதைப் பார்த்து நெய்த கட்டக் கைக்குட்டைக்கும் ‘புல்லிக்கேட்’ என்றே பெயர்.

மதராஸ் என்ற ஊர்ப்பெயரும் அப்படிப் போனதுதான். அமெரிக்காவில் கோடைக்கால அரைக்கைச் சட்டைக்கான கட்டத்துணியை அப்பெயரிட்டே அழைக்கிறார்கள். ஊருக்கே பெயர் மாறியும் துணிக்கு மாறவில்லை.

லுங்கி ஏன் வெயிலுக்கு இதமாக இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கட்டம் அச்சிட்டதன்று, சாயமேற்றிய பாவும் ஊடையும் குறுக்கிடுவதால் விழுவது. அதனால் உள்ளும் புறமும் ஒன்றே; எப்பக்கம் திருப்பி உடுத்தினாலும் தவறில்லை. கீழே திறந்திருப்பதால் நடக்க நடக்கக் காற்று உள்ளே வந்து போகும். மண்டியில் தக்காளிக் கூடை இறக்குகிறவர் முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டுவார். பெரியவர் எதிரே வந்தால் அவிழ்த்துவிடுவார். ஒரே உடுப்பில் வேலைக்கோலமும் மரியாதைக்கோலமும் இருக்கின்றன. மேலே வெளிர்நிறப் பருத்திச் சட்டை, காலில் தோல் செருப்பு: கோடைக்கு இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு அழகான உடுப்பு வேறு இல்லை என்பது என் துணிவு.

வாங்கும்போது வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்; இழை நெருக்கம் தெரியும். கரையோரத்தில் ஓர் இழை உருவி வீட்டில் கொளுத்துங்கள்: பருத்தி காகிதம்போல் சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியாய் உருளும். வியர்வையை உறிஞ்சுவது முதலாவதுதான். முதல் சில தடவை தனியாகத் துவையுங்கள், நிழலில் உலர்த்துங்கள். மூட்டாததை வாங்கிப் பக்கத்துத் தையற்கடையில் கட்டத்தோடு கட்டம் பொருத்தி மூட்டச் சொன்னால் தையல் இருக்கும் இடமே தெரியாது.

கைத்தறிக்கென்று சில துணி வகைகளை ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த பட்டியலில் லுங்கியும் உண்டு. முதலில் 22 வகைகள் இருந்த அந்தப் பட்டியல் பின்னர் 11 ஆகச் சுருங்கியபோதும் லுங்கி அதில் தங்கியது. ஆனால் கடையில் பேச்சு வேறு. சேலை என்றால் காஞ்சிபுரமா, ஆரணியா, சின்னாளப்பட்டியா என்று கேட்கிறோம். லுங்கிக்கு ‘என்ன மார்க்?’ என்று மட்டும் கேட்கிறோம். குடியாத்தத்திலும் குறிஞ்சிப்பாடியிலும் பாவு ஓட்டுகிறவர்களின் ஊர்ப்பெயர் நம் வாயில் வருவதில்லை. 2018-இல் ஜாரா நிறுவனம் ஏறத்தாழ இதே தோற்றத்தில் ஒரு பாவாடையைச் சுமார் 70 பவுண்டுக்கு விற்றபோது, அதில் லுங்கி என்ற சொல்கூட இல்லை என்று நம்மவர்கள் கொதித்தார்கள். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனாலும் ஊர்ப்பெயரை நாம் சொல்லியிருக்கிறோமா என்ற கேள்வி நண்பரோடு கடையில் நின்றபோது எனக்குள் உறுத்தியது.

“குடியாத்தம் சரக்கு இருக்கா தம்பி?” என்று கேட்டேன். பையன் கல்லாவில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தான். அவர் எழுந்து வந்து, மேல்தட்டிலிருந்து நான்கைந்தை இறக்கிப் பிரித்துப்போட்டார். நண்பர் நீலமும் வெள்ளையும் கலந்த கட்டத்தை எடுத்துக்கொண்டார், மூட்டாதது.