சிவப்பு அடையாள அட்டை

மலேசியக் குடியுரிமை பெறாத நிரந்தரவாசிக்குத் தேசியப் பதிவிலாகா வழங்கும் அட்டை. குடிமக்களுக்கு நீலம், இவர்களுக்குச் சிவப்பு. தீக்காம் பத்து, சுங்கை பட்டாணி, கூலிம் வட்டாரத்துத் தோட்டத் தமிழர் பேச்சில் ‘சிவப்பு ஐசி’.

இந்த அட்டைக்காரருக்கு ஓட்டு இல்லை. கடப்பிதழும் குடியுரிமை உள்ள நாட்டுடையது. பிறந்த ஊருக்குப் போய் நெடுநாள் தங்க நினைப்பவர், 1959/63 குடிநுழைவுச் சட்டப்படி புறப்படுமுன்பே மறுநுழைவு அனுமதி வாங்கி, அது காலாவதியாவதற்குள் திரும்பிவிட வேண்டும். தாயின் நோய், தங்கையின் கல்யாணம், காணி வழக்கு என நாள் இழுத்தால் பாதி ஆயுள் உழைத்த நாட்டின் வாசலே அடைபடலாம். தகரப் பெட்டியில், வேட்டி மடிப்புக்குள், பிளாஸ்டிக் பையில் சுற்றிய அட்டையும் கடப்பிதழும் பத்திரமாக இருப்பது அதனால்தான்.

அட்டை கையில் இருந்தும் பலர் வெளியேற நேர்ந்தது. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடிமக்கள் அல்லாதோருக்கு வேலை அனுமதியைக் கட்டாயமாக்கியது. 1969க்குப் பின் பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர் இந்தியா திரும்பினர். இத்தனைக்கும், மலாயா சுதந்திரத்துக்குப் பிந்தைய ஓராண்டில் சிலருக்கு மலாய்மொழித் தேர்வின்றியே குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழி இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பால்மரத் தொழிலாளிக்கு அதை யாராவது லயத்து (தோட்டக் குடியிருப்பு வரிசை) வாசலில் வந்து விளக்கியிருக்க வேண்டும்.