இயந்திரத்தின் நாடி பார்த்தவர்கள்



பாகான் செராய் வட்டாரத்தில் ரப்பர் பால் வாளியைப் பார்த்து வளர்ந்த தலைமுறை ஒன்று. செம்பனைக் குலையைப் பார்த்து வளர்ந்த தலைமுறை மற்றொன்று. இரண்டுக்கும் பொதுவானது ஆலைச் சத்தம். "இஞ்சின் சத்தம் இன்றைக்குச் சரியில்லையே!" என்று சொல்லும் முதிய தொழிலாளியை நம்மில் பலர் அறிவோம். பேரிங்கின் மேல்மூடியில் கை வைத்தே உள்ளிருக்கும் கோளாறைச் சொல்லிவிடுவார். அவருடைய காதும் கையும் அறிந்ததைக் கருவி கொண்டு அளந்து, அதையே ஒரு தொழிலாக வளர்த்த பொறியாளர்களின் வரலாற்றை இன்று காண்போம்.

இயந்திரத்தைப் பராமரிக்க மூன்று வழிகள் உண்டு. உடைந்த பிறகு பழுது பார்ப்பது முதல் வழி. இதில் ஆலை திடீரென்று நின்றுவிடும். பறித்த செம்பனைக் குலையை ஏறக்குறைய ஒரு நாளுக்குள் அவித்தாக வேண்டும். தாமதித்தால் எண்ணெயில் அமிலம் கூடித் தரம் குறையும். குறித்த நாளில் கழற்றிப் பாகங்களை மாற்றுவது இரண்டாம் வழி. இதில் நல்ல பாகமும் வீணாகும். இயந்திரம் ஓடும்போதே அதன் நிலையை அளந்து, பழுது வருமுன் அறிந்து செயல்படுவது மூன்றாம் வழி. இதனை முன்கணிப்புப் பராமரிப்பு என்பர்.

இந்த எண்ணம் பழையது. நீராவி இரயில் காலத்தில், நிலையத்தில் நிற்கும் வண்டியின் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே செல்லும் தொழிலாளிகள் இருந்தனர். நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும். விரிசல் கண்ட சக்கரம் மந்தமாக ஒலிக்கும். கேட்ட காதுதான் அங்கே கருவி.

கருவி செய்து விற்கும் நிறுவனங்கள் பின்னர் வந்தன. அமெரிக்கப் பொறியாளர் டொனால்ட் பென்ட்லி 1956ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். சுழலும் தண்டைத் தொடாமலே அதன் அசைவை அளக்கும் கருவியை அவர் விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1961இல் நெவாடா மாநிலத்தின் மிண்டன் என்ற சிற்றூருக்கு நிறுவனம் இடம் பெயர்ந்தது. பெரிய மின் நிலையங்களின் சுழலிகளுக்கு அக்கருவி காவலாயிற்று.

சுழலும் தண்டு அதிர்ந்து எச்சரிக்கும். அசையாமல் கிடக்கும் குழாய் என்ன செய்யும்? உள்ளே அரித்துக்கொண்டே போனாலும் வெளியே அடையாளம் தெரியாதே! இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களுள் ஒருவர் பேராசிரியர் கிருஷ்ணன் பாலசுப்பிரமணியம். அவர் 1984இல் திருச்சி மண்டலப் பொறியியற் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றார். பின்பு அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் 1989இல் முனைவரானார். மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபின், 2000ஆம் ஆண்டில் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்தார். பொருளைச் சிதைக்காமலே சோதிக்கும் ஆய்வுக்கென அங்கே ஒரு மையத்தை வளர்த்தார்.

அந்த ஆய்வின் ஒரு பகுதியை எளிமையாகச் சொல்லலாம். கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் எதிரொலி வருகிறதல்லவா? அதுபோலக் குழாயின் சுவரில், மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை அனுப்புகிறார்கள். சுவர் மெலிந்த இடத்தில் அதில் ஒரு பங்கு திரும்பி வருகிறது. எஃகில் ஒருவகை அலை வினாடிக்கு ஏறக்குறைய 3,200 மீட்டர் செல்லும். எதிரொலி நூறில் ஒரு வினாடியில் திரும்பினால், அலை போக வர 32 மீட்டர் கடந்திருக்கிறது. ஆகவே பழுது 16 மீட்டர் தொலைவில் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக் கணக்குத்தான் இது!

ஆய்வுக்கூடத்தில் கண்டது ஆலைக்குச் செல்ல ஆண்டுகள் பல ஆயின. 2016இல் டேனியல் ராஜ் டேவிட் முதலிய மாணவர்களும் இப்பேராசிரியரும் சேர்ந்து 'டிடெக்ட் டெக்னாலஜீஸ்' என்ற நிறுவனத்தைச் சென்னையில் அமைத்தனர். ஆலையை நிறுத்தாமலே, சூடான குழாயின் மீது நிலையாக அமர்ந்து காவல் காக்கும் உணர்கருவி அதன் தொடக்க முயற்சிகளுள் ஒன்று. பட்டம் பெற்ற ஆண்டிலிருந்து கணக்கிட்டால், இந்நிறுவனம் பிறக்கும்போது பேராசிரியருக்கு 32 ஆண்டுகள் கடந்திருந்தன. ஒரே நாளில் தோன்றிய யோசனையின் விளைவன்று இது.

ஆனால் கருவி மட்டும் உயிரைக் காக்காது. கலிபோர்னியாவின் ரிச்மண்ட் நகரில் 2012ஆம் ஆண்டு ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் அரித்துப்போன குழாய் உடைந்து தீப்பற்றியது. ஆவிமேகம் 19 தொழிலாளரைச் சூழ்ந்தது. நல்ல வேளையாக அனைவரும் தப்பினர். புகையால் சுற்றுவட்டாரத்து மக்கள் ஏறக்குறைய 15,000 பேர் மருத்துவரை நாடினர். அத்தகைய குழாய்களை முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்று ஆலையின் வல்லுநர்களே முன்னர்க் கூறியிருந்தனர். அது நிறைவேற்றப்படவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. எச்சரிக்கை வந்தது, செவிகொடுப்பார் இல்லை.

பெற்றோர்களே, ஆலையில் நீங்கள் கேட்டறிந்த சத்தங்களைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பிள்ளைகளே, அந்தச் சத்தம் ஏன் மாறுகிறது என்று பெளதிகப் பாடத்தில் தேடுங்கள். தந்தையின் காதும் மகளின் கணக்கும் ஒன்றுசேரும் இடத்தில்தான் இந்தத் தொழில் நிற்கிறது. ஆலையில் யாரேனும் "சத்தம் சரியில்லை" என்று சொன்னால், அவர் எளிய தொழிலாளியாயினும், இயந்திரத்தை நிறுத்திப் பாருங்கள்.