முறிக்கப்பட்ட ஒப்பந்தம்: வங்குரோத்து நீதிமன்றத்தில் விமானப் பணியாளர்கள்

2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தின் நடுப்பகுதியை வன்னியில் இருந்தவர்கள் மறப்பதற்கில்லை. 11ஆம் திகதி முகமாலையில் ஏ-9 பாதை மூடப்பட்டது. 14ஆம் திகதி வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தின் மீது குண்டுகள் வீழ்ந்து மாணவிகள் பலர் மாண்டனர். அதே வாரம், 17ஆம் திகதி, நியூயோர்க் வங்குரோத்து நீதிமன்றத்தின் நீதிபதி அலன் குரோப்பர் ஒரு தீர்ப்பை வழங்கினார். நோர்த்வெஸ்ட் எயார்லைன்ஸ் நிறுவனத்தின் விமானப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்வதைத் தடுக்கும் அதிகாரம் தமக்கு இல்லை என்பதே அத்தீர்ப்பு. எங்கள் பக்கங்களில் அச்செய்திக்கு இடம் இருக்கவில்லை. விமானச் சத்தம் கேட்டால் பதுங்குகுழியைத் தேடிய மக்களிடம், விமானத்தில் தேநீர் பரிமாறுவோரின் சம்பளப் பிரச்சினையைப் பேசுவது எப்படி?

2022 ஏப்ரலில் இந்த நாடே வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. ‘வங்குரோத்து’ என்னும் சொல் வவுனியாச் சந்தையில் மரக்கறி விற்பவர் வாயிலும் புழங்கத் தொடங்கியது. தொடர்ந்து அரச நிறுவனங்களின் மறுசீரமைப்பு பற்றிய பேச்சு எழுந்தபோது, ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸின் பெயர் பட்டியலின் முன்வரிசையில் இருந்தது. ஒரு விமான நிறுவனம் நொடிந்தால், அது தன் ஊழியருடன் செய்த கூட்டு ஒப்பந்தத்திற்கு என்ன நேரும்? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் பழைய ஆவணங்களைப் புரட்டியபோதுதான் அந்த ஓகஸ்ட் தீர்ப்பு கண்ணில் பட்டது.

கதை 1983இல் தொடங்குகிறது. அவ்வாண்டு செப்டெம்பர் 24ஆம் திகதி, பிராங்க் லொரென்சோவின் தலைமையில் இருந்த கொன்டினென்டல் எயார்லைன்ஸ் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. கையில் காசு முற்றாகத் தீர்ந்திருக்கவில்லை. தொழிற்சங்க ஒப்பந்தங்களை உதறுவதே நோக்கம் என்று சங்கங்கள் குற்றஞ்சாட்டின. சுமார் 12,000 ஊழியரில் மூன்றிலொரு பங்கினரை மட்டும், ஏறத்தாழ அரைச் சம்பளத்தில் திரும்ப அழைத்து, சில நாட்களிலேயே அந்நிறுவனம் மீண்டும் பறந்தது. 1984 பெப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும், பில்டிஸ்கோ என்னும் வேறொரு நிறுவனத்தின் வழக்கில், வங்குரோத்தான நிறுவனம் கூட்டு ஒப்பந்தத்தைத் தன்னிச்சையாகக் கைவிட்டாலும் அது சட்டமீறல் ஆகாதெனத் தீர்ப்பளித்தது. சங்கங்கள் கொதித்தெழுந்தன. ஐந்து மாதங்களுக்குள் கொங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி, 1113ஆம் பிரிவைச் சேர்த்தது. இனி நிறுவனம் முதலில் தன் கோரிக்கையைச் சங்கத்தின் முன் வைக்கவேண்டும், கணக்குகளைக் காட்டவேண்டும், நல்லெண்ணத்துடன் பேசவேண்டும். சங்கம் தகுந்த காரணமின்றி மறுத்தால் மட்டுமே ஒப்பந்தத்தை முறிக்க நீதிபதி அனுமதிக்கலாம்.

படித்தால் நியாயமாகத்தான் தோன்றுகிறது. சட்டப் புத்தகத்தில் எதுதான் நியாயமாகத் தோன்றுவதில்லை!

நோர்த்வெஸ்டும் டெல்டாவும் 2005 செப்டெம்பர் 14ஆம் திகதி, ஒரே நாளில் வங்குரோத்து மனுத் தாக்கல் செய்தன. அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னரே நோர்த்வெஸ்டின் இயந்திரவியலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்தனர். நிறுவனம் முன்கூட்டியே பயிற்றுவித்து வைத்திருந்த மாற்று ஆட்களைக் கொண்டு விமானங்களை ஓட்டியது. அந்த வேலைநிறுத்தம் தோற்றது. இதைக் கண்முன்னே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் விமானப் பணியாளர்கள். (பெண்களே பெரும்பான்மையினர் எனினும் ஆண்களும் இருந்ததால் இப்படியே குறிப்பிடுகிறேன்.) அவர்களிடம் நிறுவனம் கேட்டது ஆண்டுக்கு 195 மில்லியன் டொலர் விட்டுக்கொடுப்பு. சம்பளம் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறையும், வேலைநேரம் கூடும். சர்வதேசத் தடங்களின் ஒரு பகுதியில் வெளிநாட்டவரைக் குறைந்த ஊதியத்தில் அமர்த்தும் யோசனையும் ஒரு கட்டத்தில் மேசைக்கு வந்து, பின்னர் கைவிடப்பட்டது.

சங்கத் தலைமை ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. 2006 ஜூனில் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் அதை நிராகரித்தனர். தலைமையை மட்டுமன்றிச் சங்கத்தையே மாற்றி, நாடளாவிய விமானப் பணியாளர் சங்கத்தில் இணைந்தனர். புதிய சங்கம் கொண்டுவந்த உடன்பாடும் ஜூலை 31ஆம் திகதி தோற்றது. இம்முறை எதிர்த்தோர் 55 வீதத்தினர். குரோப்பரிடம் முன்பே அனுமதி பெற்று வைத்திருந்த நிறுவனம், பழைய ஒப்பந்தத்தைக் கைவிட்டுத் தன் நிபந்தனைகளை உடனே நடைமுறைப்படுத்தியது. அம்மாதங்களில்தான், வேலை இழக்கவிருந்த தரைப்பணி ஊழியருக்கு நோர்த்வெஸ்ட் ஒரு கைநூலைக் கொடுத்தது. பணத்தை மிச்சப்படுத்த 101 வழிகள் அதில் இருந்தன. குப்பையில் பிடித்த பொருள் கிடந்தால் எடுத்துக்கொள்ளக் கூச்சப்படவேண்டாம் என்பது அவற்றுள் ஒன்று. பின்னர் நிறுவனம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. அந்த யோசனையை எழுதியவர் குப்பை கிளறியவராக இருந்திருக்கமாட்டார் என்பது மட்டும் நிச்சயம்.

இயந்திரவியலாளரின் தோல்வியைக் கண்ட சங்கம் முழு வேலைநிறுத்தத்தை நாடவில்லை. ‘கேயொஸ்’ என்னும் உத்தியைக் கையில் எடுத்தது. எந்த நாளில், எந்த விமானத்தில் பணியாளர் இறங்கிவிடுவர் என்பது முன்கூட்டி எவருக்கும் தெரியாது. 1993இல் அலாஸ்கா எயார்லைன்ஸில் ஏழே ஏழு விமானப் பயணங்களை நிறுத்தி இந்தச் சங்கம் வென்றிருந்தது. பயணச்சீட்டு வாங்குபவரின் மனத்தில் சந்தேகத்தை விதைத்தாலே போதும். நிறுவனத்தின் வருமானம் ஆட்டங்காணும்.

தொழிற்பிணக்குகளில் தடையுத்தரவு வழங்குவதை 1932ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது என்று கூறி, குரோப்பர் தடைவிதிக்க மறுத்தார். அந்த மகிழ்ச்சி ஒரு வாரமே நீடித்தது. மேல்நிலை நீதிமன்றத்தில் நீதிபதி விக்டர் மரேரோ தடை விதித்தார். 2007 மார்ச் 29ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இவ்வரலாற்றின் முடிச்சு அதன் தர்க்கத்தில்தான் இருக்கிறது. நீதிமன்றத்தின் அனுமதியோடு நிறுவனம் ஒப்பந்தத்தை நீக்கியது. ஆகவே அதை ‘மீறியதாக’ ஆகாது. ஆனால், 1926ஆம் ஆண்டின் இரயில்வேத் தொழிலாளர் சட்டம் விமானத்துறைக்கும் பொருந்துவதால், இணக்கத்திற்காக இயன்ற முயற்சிகள் அனைத்தையும் செய்து முடிக்கும்வரை சங்கம் வேலையை நிறுத்தக்கூடாது. ஒரே தாளில் கையெழுத்திட்ட இருவரில் ஒருவர் விடுதலை பெற்றார்; மற்றவர் கட்டுண்டு கிடந்தார். சாதாரண காலத்தில் இதே சட்டம் இரு தரப்பையும் கட்டிவைக்கும் என்பதை நினைவிற்கொண்டால் இதன் பாரதூரம் விளங்கும். பேரம் என்பது இரண்டு கைகளும் நீளும் இடத்தில் நடப்பது. விமானத்தை நிறுத்தும் வல்லமையைத் தவிர இப்பணியாளரிடம் வேறு கை இருக்கவில்லை. வங்குரோத்துச் சட்டம் கட்டியது அந்தக் கையைத்தான்.

முடிவு விரைவாகவே வந்தது. நோர்த்வெஸ்ட் வங்குரோத்திலிருந்து வெளியேறும் முன்னர் உடன்பட்டால் பணியாளருக்கு 182 மில்லியன் டொலர் பெறுமதியான பங்கு உரித்துக் கிடைக்கும். தவறினால் அதுவும் இல்லை. 2007 மே 29ஆம் திகதி, நூற்றுச் சொச்சம் வாக்குகள் வித்தியாசத்தில் உடன்பாடு நிறைவேறியது. இரண்டு நாளில் நிறுவனம் நீதிமன்றத்தை விட்டு வெளியேறியது. 2008இல் அது டெல்டாவுடன் இணைந்தது. 2010இல் இணைந்த நிறுவனத்தின் பணியாளரிடையே நடந்த வாக்கெடுப்பில் சங்கம் சொற்ப வாக்குகளால் தோற்றது. இரண்டு தடவை ‘இல்லை’ என்று சொன்ன அந்தப் பணியாளர்களுக்குச் சங்கமே இல்லாமற் போயிற்று.

அமெரிக்கக் கதை அது, நமக்கென்ன என்று கேட்போருக்காகப் பாக்குநீரிணைக்கு அப்பால் நடந்ததையும் சொல்லவேண்டும். 2008 ஒக்டோபரில் ஜெட் எயார்வேஸ் தன் ஊழியரில் 1,900 பேரை வேலையிலிருந்து நிறுத்துவதாக அறிவித்தது. அவர்களிற் பெரும்பாலோர் இளம் விமானப் பணியாளர்கள். அவர்கள் சீருடையுடனேயே மும்பை விமான நிலையத்தில் திரண்டனர். அரசியல்வாதிகள் ஓடி வந்தனர். மறுநாள் இரவே தலைவர் நரேஷ் கோயல் அனைவரையும் மீள எடுப்பதாக அறிவித்தார். பதினொரு ஆண்டுகளின் பின்னர், 2019 ஏப்ரல் 17ஆம் திகதி இரவு, அமிர்தசரஸில் இருந்து மும்பைக்குப் பறந்ததோடு அதே நிறுவனத்தின் விமானங்கள் நின்றன. பணியாளர் மறுபடியும் வீதிக்கு வந்தனர். இம்முறை மனம் மாறுவதற்கு எதிரே எவரும் இல்லை. பறக்கும் நிறுவனத்திற்குச் சீருடையணிந்த கண்ணீர் ஓர் அவமானம். பறக்காத நிறுவனத்திற்கு அது ஒரு கோரிக்கைப் படிவம்.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு வங்குரோத்துச் சட்டத்தில் 1113 போன்றதொரு பிரிவு இல்லை. சங்கத்தோடு பேசு என்று அது எவரையும் பணிப்பதில்லை. நிலுவைகளை வரிசைப்படுத்த மட்டும் செய்கிறது. நிறுவனம் கலைக்கப்படும்போது, ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் வருவோரின் 24 மாத நிலுவை முன்வரிசையில், பிணையுள்ள கடன்காரருக்குச் சமமாக நிற்கும். மற்ற ஊழியரின் 12 மாத நிலுவை அதற்குப் பின்னால். சேமநிதியையும் பணிக்கொடையையும் முழுமையாகக் கொடுக்கவேண்டுமென 2022 ஒக்டோபரில் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் கட்டளையிட்டது. மறு ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. ஆனால், பணம் வரவேண்டிய மீட்புத் திட்டமே நிறைவேறவில்லை. 2024 நவம்பர் 7ஆம் திகதி ஜெட்டைக் கலைக்குமாறு அதே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

இலங்கையின் வழி வேறு. 1947 டிசெம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையில் புறப்பட்டு, காங்கேசன்துறையில் இறங்கி, சென்னைக்குப் போனது. தமிழருக்கும் இந்நாட்டு வான்வழிக்கும் இருந்த உறவு அன்று அவ்வளவு நெருக்கமானது. அந்நிறுவனம் நொடிந்ததும் அரசு 1979இல் எயார் லங்காவைத் தொடங்கியது. 1998இல் எமிரேட்ஸ் பங்குதாரராக வந்தது. 2001 ஜூலையில் கட்டுநாயக்கவில் விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில் அதன் விமானங்களில் அரைவாசியளவு அழிந்தோ சேதமடைந்தோ போயின. 2008இல் எமிரேட்ஸ் நிர்வாகத்தை விட்டு நீங்கியது. இத்தனைக்கும் பிறகு எஞ்சிய கடனைத் திறைசேரி சுமந்தது. அரசு பிணைநின்ற 175 மில்லியன் டொலர் பிணைமுறி 2024 ஜூனில் முதிர்ந்தபோது பணம் செலுத்தப்படவில்லை. அவ்வாண்டு கோரப்பட்ட விற்பனை விலைமனுக்களும் ஆட்சி மாற்றத்தோடு கைவிடப்பட்டன. இங்கே ஊழியருக்கு எதிரே அமர்வது நீதிபதியோ கடன்காரரோ அல்லர், அரசு. அதனால் ஒப்பந்தம் முறிக்கப்படுவதுமில்லை, நிறுவனம் மீள்வதுமில்லை. செலவை, முல்லைத்தீவில் வாழ்நாளில் விமானம் ஏறாதவர் சீனிக்கும் மாவுக்கும் கொடுக்கும் வரியும் சேர்ந்து ஈடுசெய்கிறது.

வன்னியில் ஒரு பெரிய அரச தொழிற்சாலை மூடப்பட்டபோது இந்த மூன்று வழிகளில் எதுவும் இருக்கவில்லை. ஆனையிறவு உப்பிலிருந்து குளோரினும் எரிசோடாவும் தயாரித்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையை எண்பதுகளில் போர் நிறுத்தியது. எந்த நீதிமன்றமும் அதன் தொழிலாளரையும் நிர்வாகத்தையும் ஒரு மேசையில் இருத்தவில்லை. வரிசைப்படுத்த நிலுவைப் பட்டியலும் இல்லை. ஊழியர் சிதறினர்; கட்டடங்கள் பிற்காலப் போர்களில் இடிந்தன. நிறுவனத்தின் பெயர் மட்டும் கொழும்பில் உயிர்தப்பியது. உற்பத்தி நின்ற பின்னரும், வெளிநாட்டிலிருந்து குளோரினை இறக்குமதி செய்து நீர் வழங்கல் சபைக்கு விற்கும் கம்பனியாக அது நீண்டகாலம் இயங்கியது.